மூலையில் ஒட்டிய டிராக்டர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஒரத்தநாட்டிலிருந்து கிழக்கே வந்து மில்லுக்காரர் வீடு எது என்று கேட்டால், மேய்கிற மாடுகூடத் திரும்பி வழிகாட்டும். பண்ணையில் சாணி அள்ளியவர் மகன் நான். இன்றைக்கு ஒரு அரிசி மில், இரண்டு டிராக்டர், ஒரு அறுவடை மிஷின், வாய்க்கால் பாசனத்தில் ஒன்பது ஏக்கர். என் அப்பா வைத்துவிட்டுப் போனது ஒரு மண்வெட்டி, அதுவும் காம்பு இல்லாதது. மற்றதெல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவு கெட்டிக்காரனான நான்தான் என் பேத்தியைப் பதினான்கு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தேன். பெருமையை நானே சொல்லிக்கொள்கிறவன் அதையும் நானே சொல்வதுதான் நியாயம். வாய்ப்பேச்சு வராத பிள்ளை இருக்கிற வீடுகளில், முக்கியமாக என் வயதுக்காரர்கள், இதைப் படித்தால் நல்லது.

பேத்தி பேர் மலர்விழி. ஒன்பது வயது. என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மருமகள் சுமதியும் பிள்ளையும் என்னோடு இருக்கிறார்கள். என் சம்சாரம் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. மலர் பிறந்தபோது மூச்சு வர நேரமாகிவிட்டது. டாக்டர்கள் அதனால் வந்த கோளாறுக்குப் பெருமூளை வாதம் என்று பேர் சொன்னார்கள். ஊரில் கேட்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடுகிறது, மடைக்குத்தான் வந்து சேரவில்லை. அதாவது புத்தி முழுசாக இருக்கிறது. புத்தி போடுகிற உத்தரவைக் கையும் காலும் நாக்கும் கேட்பதில்லை. மில்லில் மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினால், மெக்கானிக்குக்குத் தெரியும் முன்னால் மலர் சிரிக்கும். அப்படிப்பட்ட காது. ஆனால் தண்ணீர் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல வராது. தலையை ஆட்டவும் வராது. ஆட்டத் தொடங்கினால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும்.

தஞ்சாவூரில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு டீச்சர் இருக்கிறார். ஜெயந்தி டீச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதில் மலரை அவரிடம் கொண்டுபோனோம். அவர் மலருடைய நாற்காலிக்கு முன்னால் முறத்தளவு ஒரு பலகை மாட்டினார். பலகையில் படங்கள். சோறு, தண்ணீர், அம்மா, தாத்தா, டிவி, கோயில், வாய்க்கால் என்று எல்லாம் சின்னச் சின்ன அட்டை. செருப்பில் ஒட்டும் பட்டை மாதிரி ஒட்டி எடுக்கலாம். மலர் தனக்கு வேண்டியதைப் பார்க்கும். நாம் அதைத் தொட்டு, இதுவா என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்கும். இல்லை, வேண்டாம் என்றால் பலகையின் இடப்பக்கக் கீழ் மூலையைப் பார்க்கும். அந்த மூலையில் சிவப்பாக ஒரு உள்ளங்கை படம். அதற்குப் பக்கத்தில் கண்ணீர் விடுகிற ஒரு முகம், அது வலி.

மூன்றே மாதத்தில் பிள்ளை பிடித்துக்கொண்டது. சொந்தக்காரர், கட்சிக்காரர், நெல் வியாபாரி என்று வீட்டுக்கு வருகிறவர் யாரையும் நான் விட்டதில்லை. உட்கார வைத்து, "பாருங்க, எங்க பிள்ளை கண்ணாலயே பேசும்" என்று காட்டுவேன்.

இனிமேல்தான் என் கெட்டிக்காரத்தனம் வருகிறது.

எங்கள் வீட்டில் இல்லை என்ற சொல் கிடையாது. அரிசி தீர்ந்தால் அரிசி நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று தொடங்க மாட்டோம், லாபம் என்று சொல்லித்தான் முதல் மரக்காலைக் கொட்டுவோம். இதெல்லாம் டெல்டாவில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் நான் கொஞ்சம் கூடுதல். சின்ன வயதில் எங்கள் குடிசையில் நாள் முழுக்கக் கேட்ட சொல் அது ஒன்றுதான். சோறு இல்லை, எண்ணெய் இல்லை, வேலை இல்லை. நாலு காசு சேர்த்து வீடு கட்டியபோது நிலைப்படியில் நின்று, இந்த வாசலுக்குள் அந்தச் சொல் வரக் கூடாது என்று முடிவு கட்டினேன். அப்படிப்பட்ட வீட்டில், விடிந்தால் பொழுது போனால் பிள்ளையின் மடியில் வேண்டாம், இல்லை, வலி, அழுகை. எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஆடி மாதம் ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த அன்று, அந்த இரண்டு அட்டையையும் பிடுங்கி, ஒரு வாழை இலையில் வைத்து, கொஞ்சம் மஞ்சளும் போட்டு, வாய்க்காலில் விட்டுவிட்டேன். பீடை ஒழிந்தது என்று தலைமுழுகிவிட்டு வந்தேன்.

காலி இடம் நன்றாக இல்லை. ஸ்டூடியோவில் சொல்லி என் புது டிராக்டரைப் போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டி, அந்த மூலையில் வைத்தேன். பக்கத்தில் மில். தாத்தா அட்டையையும் மாற்றி, விழா மேடையில் மாலை போட்டுக்கொண்டு நிற்கிற என் போட்டோவை ஒட்டினேன். சுமதி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். மலரை டீச்சரிடம் அழைத்துப்போவதையும் நிறுத்திவிட்டேன். பிள்ளைதான் பேசுகிறதே, இன்னும் என்ன பாடம் என்று.

அதற்கப்புறம் ஒரு ஆச்சரியம். பிள்ளைக்கு டிராக்டர் மேல் கொள்ளை ஆசை வந்துவிட்டது. சாப்பாடு ஊட்டினால் டிராக்டரைப் பார்க்கும். குளிக்க வைக்கப் போனால் டிராக்டரைப் பார்க்கும். சொந்தக்காரர் வந்து கன்னத்தைக் கிள்ளினால் டிராக்டரைப் பார்க்கும். "தாத்தா ரத்தம்" என்று நான் சொல்லிக்கொள்வேன். உடனே தூக்கி டிராக்டரில் என் மடியில் உட்கார வைத்து ஒரு சுற்று. ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது.

தைப் பொங்கல் கழிந்து சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. சுமதியின் தங்கைக்குத் திருவாரூரில் வளைகாப்பு. இரண்டு நாள் போய்விட்டு வா, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். முதல் நாள் காலையில் மலர் இட்லியை வாங்கவில்லை. டிராக்டரைப் பார்த்தது. இன்னொரு வாய் கொண்டுபோனேன், மறுபடி டிராக்டர். சரி, அறுப்பு பார்க்க ஆசை என்று தூக்கிக்கொண்டு போனேன். வரப்பு ஏறி இறங்கும்போதெல்லாம் பிள்ளை முகம் கோணிற்று. வெயில் என்று நினைத்துத் துண்டைப் போட்டு மூடினேன். சாயங்காலம் உடம்பு சுட்டது. குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தது.

பக்கத்து ஊரில் தெரிந்த ஒரு டாக்டர். பேர் வேண்டாம், அவர் மேல் தப்பில்லை. மடியில் பலகையோடு பிள்ளையை உட்கார வைத்தேன். அவர் நிதானமானவர், பிள்ளையிடமே கேட்டார்.

"தலை வலிக்குதா பாப்பா?"

மலர் மூலையைப் பார்த்தது.

"அது டிராக்டர் கேக்குதுங்க. பயம். வெளியில போவணுமாம்" என்றேன்.

நெஞ்சைத் தொட்டுக் கேட்டார். மூலை. காலைத் தொட்டுக் கேட்டார். மூலை. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். வயிற்றின் வலப்பக்கம், இடுப்பெலும்புக்கு மேலே விரலை வைத்து அழுத்தினார். பிள்ளை கண்ணை மேலே தூக்கியது. தூக்கிய கண்ணில் தண்ணீர் நின்றது.

"இங்கயா?" என்றார்.

நான் குறுக்கே விழுந்தேன். "அழுவுறப்போ கண்ணு மேலதான் போவும் டாக்டர். நம்ம பிள்ளைய நமக்குத் தெரியாதா? பொங்கல் பலகாரம், வாயு."

அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். நாளைக்கும் காய்ச்சல் இருந்தால் தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்கள் என்று அழுத்திச் சொல்லி மருந்து கொடுத்தார். அவர் கேட்ட கேள்வி நாலு. பிள்ளை சொன்ன பதில் நாலு, நாலும் சரி. நடுவில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு நாலையும் மாற்றிச் சொன்னான்.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் பிள்ளை முனகிக்கொண்டே இருந்தது. பிறகு சட்டென்று முனகல் நின்றுவிட்டது. அமைதியாகப் படுத்திருந்தது. நான் சுமதிக்குப் போன் போட்டு, "நம்ம வைத்தியந்தான் கேட்டுச்சு, நீ அவசரப்பட்டு ஓடியாறாத" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அமைதி என்ன என்று பிறகுதான் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா சொன்னார். அதைக் கீழே எழுதுகிறேன்.

சுமதி நான் சொன்னதைக் கேட்கவில்லை. பொழுது சாய பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் பிள்ளையின் வயிற்றில் கை வைத்தாள். "மாமா, வயிறு பலகையாட்டம் இருக்கு, காரை எடுக்கச் சொல்லுங்க" என்றாள். என் வீட்டில் அவள் எனக்கு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை.

தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றில் குளிர்ந்த பசை மாதிரி ஒன்றைத் தடவி, ஒரு கட்டையை வைத்து ஓட்டுகிறார்கள், உள்ளே இருப்பது டிவியில் தெரிகிறது. அறுவை செய்கிற டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு தாளில் வரைந்து காட்டினார். பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் புழு மாதிரி ஒரு சின்ன வால் இருக்கிறது. குடல்வால். அப்பெண்டிக்ஸ் என்று சொல்வது அதைத்தான். அது வீங்கிப் பழுத்து, இனி தாங்காது என்று வெடித்துவிட்டது. வெடித்த கொஞ்ச நேரத்துக்கு வலி குறைந்த மாதிரி இருக்குமாம். பிறகு சீழ் வயிறு முழுக்கப் பரவும். நான் பெருமையாகப் போன் போட்ட அமைதி அதுதான்.

"ரெண்டு நாளா வலிச்சிருக்குமே, பாப்பா ஏதாவது காட்டுச்சாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் காட்டலீங்க" என்றேன். மனசறிந்து சொன்ன பொய் இல்லை. அப்போது எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஒன்பது ஏக்கரைக் கிரயம் பண்ணியபோது பிசகாமல் போட்ட கையெழுத்து. அன்றைக்கு என் பேரில் நடுவில் ஒரு எழுத்து விட்டுப்போயிற்று.

ஆபரேஷன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. பிள்ளையை நேரே ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், வயிற்றிலிருந்து மீதிச் சீழ் வடிய ஒரு குழாய். ஐ.சி.யூ.வுக்குள் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், அதுவும் பத்து நிமிஷம். மற்ற நேரமெல்லாம் காத்திருக்கும் கூடத்தில் இரும்பு நாற்காலி. அந்தக் கூடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே வருகிறபோது அவரவர் ஊர், சாதி, கட்சி, பட்டா நிலம் எல்லாவற்றோடும்தான் வருகிறார்கள். இரண்டாவது நாள் ஒரே ஜமுக்காளத்தில் படுத்திருக்கிறார்கள். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து செல்வி என்று ஒரு பொம்பளை, மீன் வியாபாரம், புருஷனுக்குத் தலையில் அடி. என் மில்லைப் பற்றி அரை மணி நேரம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவ்வளவு அரிசி அரைக்கிறவரு காலைலேர்ந்து சாப்பிடலியே பெரியவரே" என்று தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதிச் சோற்றை எனக்கு வைத்தாள். வாங்கிச் சாப்பிட்டேன். ஆபரேஷன் செலவில் பெரும்பாகம் அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் போயிற்று, மீதி என் கையிலிருந்து. அதில் எனக்குக் கஷ்டமில்லை. கஷ்டம் வேறு.

நர்ஸம்மா ஒருவர் வெளியே வந்து, பிள்ளைக்கு வலி எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை, மருந்து கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் கேட்கிறார், பேசுவதற்கு ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்றார். நான் பெருமையோடு காரிலிருந்து பலகையை எடுத்துவரச் சொன்னேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"டிராக்டர் இருக்கு. மில்லு இருக்கு. மாலை போட்டு நீங்க இருக்கீங்க. வலி எங்க தாத்தா?"

பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானமே சுமதி ஜெயந்தி டீச்சருக்குப் போன் பண்ணியிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை. டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். பலகையை மடியில் வைத்து இடப்பக்கக் கீழ் மூலையில் விரலை வைத்தார்.

"இதுல இருந்த அட்டை எங்கங்க?"

நடந்ததைச் சொன்னேன். வாழை இலை, மஞ்சள், வாய்க்கால் எல்லாம் சொன்னேன். டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. வாத்தியார் பிள்ளைக்கு விளக்குகிற மாதிரி நிதானமாக விளக்கினார். இந்தப் பிள்ளைகளுக்குப் படத்தைவிட இடம்தான் முக்கியமாம். இருட்டில் நாம் சுவிட்சைத் தடவிப் போடுகிறோமே, அந்த மாதிரி மலருடைய கண்ணுக்கு அந்த மூலை பழகிவிட்டது. அட்டையை மாற்றினாலும் கண் அங்கேதான் போகும். "எந்தப் படத்தை வேணாலும் மாத்தலாம், அந்த மூலைய மட்டும் மாத்தவே கூடாதுங்க. அது பாப்பாவோட வேண்டாம்" என்றார்.

மனதில் ஒன்றரை வருஷத்தைத் திருப்பி ஓட்டிப் பார்த்தேன். ஊட்டும்போது டிராக்டர். குளிக்கும்போது டிராக்டர். கன்னத்தைக் கிள்ளும்போது டிராக்டர். வேண்டாம் என்று பிள்ளை சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் அதைத் தூக்கி டிராக்டரில் வைத்து ஓட்டியிருக்கிறேன். பழுத்த வயிற்றோடு வரப்பு வரப்பாக ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

டீச்சர் போன பிறகு சுமதியும் நானும் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தோம். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் மாமா. நான் ஊட்டும்போது அந்த மூலையைப் பாத்தா நிறுத்திருவேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் முந்தானை நுனியைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "உங்ககிட்ட வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்கும் படம் இல்லியே மாமா."

அவள் இதைக் குத்திக் காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரித்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு அவ்வளவு தூரம் இறங்கிற்று.

நான் எப்படி ஆளானேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். பெருமைக்காக இல்லை. என் அப்பா பண்ணையில் நின்றால் துண்டு இடுப்பில் இருக்கும், வாயில் ஆமாங்க என்ற ஒரே சொல் இருக்கும். இரவு முழுக்கத் தண்ணீர் கட்டு என்றால் ஆமாங்க. கூலியில் அரை மரக்கால் குறைச்சல் என்றால் ஆமாங்க. எங்கள் பக்கம் கூலி நெல்லுக்குச் சண்டை மூண்ட வருஷம் எனக்குப் பதினேழு வயது. களத்தில் காரியக்காரர், அதாவது பண்ணையின் கணக்கு வழக்கைப் பார்க்கிறவர், தன் வீட்டுக்கு இரண்டு கட்டு நெற்கதிரைக் கூலியில்லாமல் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். மாட்டேன் என்றேன். அடி விழுந்தது. ஆனால் அன்றிலிருந்து என் முதுகு நிமிர்ந்துவிட்டது. பிறகு ஆட்சி மாறியது, குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது, குத்தகை வந்தது, மில் வந்தது. எல்லாவற்றுக்கும் முதல் அந்த ஒரு மாட்டேன்தான். இல்லாமையைத் துரத்துகிறேன் என்று நினைத்து, அந்தச் சொல்லையே பிள்ளை மடியிலிருந்து பிடுங்கி வாய்க்காலில் விட்டிருக்கிறேன். அப்பாவின் ஆமாங்கவை மட்டும் பேத்திக்கு மிச்சம் வைத்திருக்கிறேன்.

மறுநாள் டீச்சர் சிவப்பு உள்ளங்கை அட்டையைப் புதிதாகச் செய்து கொண்டுவந்து அதே மூலையில் ஒட்டினார். டிராக்டரை நானே பிய்த்துச் சட்டைப் பையில் போட்டேன். வலியின் அளவைக் காட்ட ஐந்து முகங்கள் வரைந்த ஒரு தாளும் கொண்டுவந்தார். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். உள்ளே கொண்டுபோய்க் காட்டினால் மலர் சிரிக்கிற முகத்தையே பார்த்தது. வலி இல்லையா என்றால் அதுவும் இல்லை, பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது. சிரித்த முகம் பிடித்திருக்கிறது, அதனால் பார்க்கிறது. அவ்வளவுதான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, நர்ஸம்மாவிடம் பேனா வாங்கி, வாய்க்காலில் நிற்கிற ஒரு ஆளை நாலு தடவை வரைந்தேன். எனக்குப் படம் வராது. ஆள் தென்னை ஈர்க்குத் துடைப்பம் மாதிரிதான் இருந்தான். ஒரு படத்தில் தண்ணீர் கணுக்கால், ஒன்றில் முழங்கால், ஒன்றில் இடுப்பு, ஒன்றில் கழுத்து. ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் திறக்கும்போது மலரைத் தூக்கி வாய்க்காலில் நிற்க வைப்பேன். தண்ணீர் ஏறுவது அதற்கு உடம்பால் தெரியும்.

எனக்குக் கிடைத்த பத்து நிமிஷத்தில் அட்டையைக் காட்டினேன். "மலரு, வயித்துல வலி தண்ணி மாதிரி ஏறுதுன்னு வச்சுக்க. எதுவரைக்கும் நிக்குது?"

பிள்ளை வெகு நேரம் பார்த்தது. கணுக்காலைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, கழுத்தில் போய் நின்றது. தொட்டுக் கேட்டேன். கண்ணை மேலே தூக்கிற்று.

டாக்டரம்மா வலிமருந்தைக் கூட்டினார். மாலையில் சுமதி உள்ளே போனபோது முழங்கால். மறுநாள் காலை கணுக்கால். அந்த அட்டையை டாக்டரம்மா தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். இப்போதும் அந்த ஆஸ்பத்திரியில் பேச வராத பிள்ளைகளுக்கு என் தண்ணீர் மனுஷனைத்தான் காட்டுகிறார்களாம், டீச்சர் சொன்னார். மூன்றாம் வகுப்புப் படித்தவன் செய்தது. இதைச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை, மன்னிக்கவும்.

ஏழாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். முதல் இளநீர், முதல் கஞ்சி. சுமதி ஒரு கரண்டி கொடுத்துவிட்டுப் பலகையைப் பார்ப்பாள். சிவப்பு மூலை என்றால் கரண்டியைக் கீழே வைப்பாள். மூன்று வாய்க்கு மேல் போகாத நாளில் எனக்குக் கை பரபரக்கும், இன்னும் ஒரு வாய் கொடேன் என்று. சொல்ல மாட்டேன். என் மகன் தினமும் போனில் கேட்பான், அப்பா பிள்ளை சாப்பிட்டுச்சா என்று. சாப்பிட்டது, போதும் என்றது, நிறுத்திவிட்டோம் என்பேன். போதும்னு சொல்லுச்சா என்று திருப்பிக் கேட்பான். போதும் என்று அவன் பிள்ளை சொன்ன செய்தி அவனுக்குப் புதுசு.

பதிமூன்றாம் நாள் வயிற்றுக் குழாயை எடுக்கிற நாள். எடுத்துவிட்டால் மறுநாள் வீடு. அது ஒரு நிமிஷ வேலைதான், ஆனால் இழுக்கும்போது சுருக்கென்று இருக்கும் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். வந்து திரையை இழுத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, "பாப்பா, எடுத்துரலாமா?" என்றார். மலர் சிவப்பு மூலையைப் பார்த்தது.

டாக்டரம்மா இன்னும் எத்தனையோ கட்டில் பார்க்க வேண்டும். கை குழாய்க்குப் போயிற்று. படித்தவர்களுக்கு முன்னால் நான் குரல் உயர்த்துகிறவன் இல்லை. அன்றைக்கு வந்துவிட்டது.

"பிள்ளை வேண்டாங்குது. கொஞ்சம் நில்லுங்கம்மா."

அவர் கையை எடுத்துவிட்டார். "சரி. என்னன்னு கேளுங்க" என்றார்.

சுமதி கேட்டாள். இப்போது வலிக்கிறதா? சிவப்பு மூலை. பயமா? சிவப்பு மூலை. அப்புறம் எடுத்துக்கொள்ளலாமா? சிவப்பு மூலை. நாங்கள் எல்லாரும் அந்தச் சின்னக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நர்ஸம்மா கையில் தட்டோடு நின்றார். மலருடைய கண் நிதானமாகப் பலகையில் ஊர்ந்து என் போட்டோவில் வந்து நின்றது.

"தாத்தாவா?" என்று சுமதி தொட்டாள். கண் மேலே போனது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறது என்று கட்டிலருகே போனேன். அதற்குள் கண் என் போட்டோவை விட்டு இறங்கி, சிவப்பு மூலைக்குப் போய் நின்றுவிட்டது.

சுமதிக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கத் தயங்கினாள். பிறகு பார்த்தாள்.

"மாமா, நீங்க இங்க வேண்டாமாம். கொஞ்சம் வெளியில இருங்க."

நான் அழுதுவிடுவேன், அதைப் பார்க்கப் பிடிக்காமல் இருக்கலாம். நான் பிடித்தால் இறுக்கிப் பிடிப்பேன், அதனால் இருக்கலாம். அம்மா மட்டும் போதும் என்று இருக்கலாம். வாய் வரைக்கும் ஏன் என்று வந்தது. பண்ணையில் ஒருவன் மாட்டேன் என்றால் முதலில் கேட்பது ஏன்டா என்றுதான். நான் கேட்கவில்லை.

திரைக்கு வெளியே வந்து சுவரோரமாக நின்றேன். உள்ளே டாக்டரம்மாவின் குரல் மறுபடியும் கேட்டது: "இப்ப எடுக்கலாமா பாப்பா?" கண் பதில் சொல்கிற சத்தம் வெளியே கேட்காது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு தட்டில் குழாய் விழுகிற சத்தம் கேட்டது.